குளிர்ந்த நீரில் விழுந்தவர் நீந்த வேண்டுமா, சுருண்டுகொள்ள வேண்டுமா?

10 டிகிரி செல்சியஸ் கடலில் ஒருவர் படகிலிருந்து தவறி விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார், அதனால் மிதக்கிறார், மூச்சும் விட முடிகிறது, ஆனால் குளிர் எலும்பு வரை இறங்குகிறது. அந்த நேரத்தில் யாருக்கும் முதலில் தோன்றுவது, கையையும் காலையும் அசைத்துக்கொண்டே இருந்தால் உடம்பு சூடாகும் என்பதுதான். தரையில் அது சரியான யோசனை, குளிர் காலத்தில் விடியற்காலை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அப்படித்தான் நடந்துகொண்டே இருக்கிறார்கள். தண்ணீருக்குள் அதே காரியம் ஆளை இன்னும் வேகமாகக் குளிரவைத்துவிடும், ஏனென்றால் அசைவதால் உடம்புக்குள் பிறக்கும் சூட்டைவிட அசைவதால் வெளியே போகும் சூடு அதிகம்.

இதை ஆட்களைத் தண்ணீரில் இறக்கியே அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மேற்குக் கரையில் விக்டோரியா என்ற நகரம் இருக்கிறது. அங்கே கடல் கோடையில்கூட ஏறக்குறைய 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் மீன்பிடிப்பவர்களும் பொழுதுபோக்குக்குப் படகு விடுபவர்களும் அங்கே ஏராளம். 1970களில் விக்டோரியா பல்கலைக்கழகத்தின் ஹேவர்ட், எக்கர்சன், காலிஸ் ஆகிய மூவரும், நீரில் விழுந்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து அவர் உடம்பின் உள்வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று சோதித்தார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சும்மா அசையாமல் மிதப்பவரை அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள். 1975இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளின்படி, நீந்தியவரின் உள்வெப்பம் சும்மா மிதந்தவரைவிடச் சுமார் 35% வேகமாக இறங்கியது, நின்ற நிலையில் காலால் நீரை மிதித்துக்கொண்டிருந்தவருக்கும் கிட்டத்தட்ட அதே கதை. முழங்கால்களை மார்பை நோக்கி இழுத்து, கைகளை மார்போடு இறுக்கி, பந்து போலச் சுருண்டவருக்கோ இறக்கம் சும்மா மிதந்தவரைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. இந்த வேகங்களை வைத்து, 10 டிகிரி நீரில் ஒரு சராசரி ஆள் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கக்கூடும் என்றும் கணித்தார்கள்: நீந்தினால் சுமார் 2 மணி நேரம், அசையாமல் மிதந்தால் 2.7 மணி நேரம், சுருண்டுகொண்டால் 4 மணி நேரம். அதே ஆள், அதே தண்ணீர், அதே லைஃப் ஜாக்கெட். நீரில் உடம்பை வைத்துக்கொள்ளும் விதத்தை மாற்றியதில் மட்டும் இரட்டிப்பு நேரம் கிடைக்கிறது. தேடி வரும் படகுக்கு அந்த 2 மணி நேரம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் வெளிவந்தது, என்னைப் பொறுத்தவரை அதுதான் அதன் மிக முக்கியமான பங்களிப்பு. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நீரில் மாட்டிக்கொண்டவர்களுக்கென்று அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஃப்ரெட் லனூ என்ற நீச்சல் பயிற்சியாளர் 1940களில் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். முகத்தை நீருக்குள் வைத்தபடி தளர்வாகத் தொங்குவது, மூச்சு தேவைப்படும்போது மட்டும் தலையைத் தூக்குவது. உடம்பின் சக்தியை மிச்சப்படுத்தும் அருமையான முறை அது, அந்தக் கல்லூரியில் பல பத்தாண்டுகள் மாணவர்களுக்குக் கட்டாயமாகவும் இருந்தது. வெதுவெதுப்பான நீரில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 10 டிகிரி நீரில் அந்த முறையைச் செய்தவர்களின் உள்வெப்பம், லைஃப் ஜாக்கெட்டோடு சும்மா மிதந்தவர்களைவிட 82% வேகமாக இறங்கியது. சோதித்த எல்லாவற்றிலும் மோசமானது அதுதான், அதில் பிழைக்கும் நேரம் ஒன்றரை மணி என்று கணித்தார்கள். சக்தியை மிச்சம் பிடிக்கும் முறை சூட்டைச் செலவழிக்கும் முறையாகிவிட்டது, தலை ஒவ்வொரு முறையும் நீருக்குள் போனதால்.

சரி, உடம்பை வைத்துக்கொள்ளும் விதத்துக்கு இவ்வளவு வலிமை எப்படி வந்தது? நீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். கடத்தும் திறனை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு ஏறக்குறைய சரிதான். ஆனால் உடம்பு 25 மடங்கு வேகமாகக் குளிர்ந்துவிடுவதில்லை, நடைமுறையில் அது சில மடங்குதான். காரணம், நீரில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே தோல் கிட்டத்தட்ட நீரின் வெப்பநிலைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சூடு வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது, உள்ளிருந்து தோல் வரை அந்தச் சூடு எவ்வளவு சுலபமாக வந்து சேர்கிறது என்பதே. நடுவில் இருக்கும் தடுப்புகள் தோலுக்கடியில் உள்ள கொழுப்பும், ரத்த ஓட்டம் குறைந்து ஓய்வில் இருக்கும் தசையும். குளிர் பட்டவுடன் உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது, அப்போது கையும் காலும் வெறும் உறை போலாகி உள்ளே இருக்கும் இதயத்தையும் நுரையீரலையும் காக்கின்றன. நீந்த ஆரம்பித்ததும் இது தலைகீழாகிறது, உழைக்கும் தசைக்கு ரத்தம் வேண்டும், ரத்தத்தோடு சூடும் கைகால்களுக்குப் போகிறது, அங்கிருந்து நேராகத் தண்ணீருக்கு.

கூடவே, அசையாமல் இருப்பவரின் தோலை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்கு நீர் அவர் உடம்புச் சூட்டில் கொஞ்சம் வெதுவெதுப்பாகி நிற்கிறது. துணிக்குள் சிக்கியிருக்கும் நீரும் அப்படியே. ஒவ்வொரு அசைவும் அந்த அடுக்கைக் கழுவிவிட்டுப் புதுக் குளிர்நீரைக் கொண்டுவருகிறது. அதனால்தான் நீரில் விழுந்தவர் சட்டை, பேன்ட், ஷூவைக் கழற்றக் கூடாது என்கிறார்கள். நனைந்த துணி கனமாக இழுத்து மூழ்கடித்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நீருக்குள் அதன் கனம் தெரியாது, நீரைவிட்டு வெளியே ஏறும்போதுதான் தெரியும்.

உடம்பு முழுக்க ஒரே மாதிரி சூட்டை விடுவதில்லை என்பது அடுத்த விஷயம். சுருண்டுகொள்ளும் நிலையை வடிவமைத்ததே அதை வைத்துத்தான். மேலே சொன்ன விக்டோரியா குழுவினர் 1973இல், குளிர்ந்த நீரிலிருந்து வெளியே வந்தவர்களை அகச்சிவப்புப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மார்பின் பக்கவாட்டு, அதாவது அக்குளுக்குக் கீழே விலாப்புறம், அப்புறம் தொடை இடுக்கு, கழுத்து, இந்த இடங்கள் மற்ற இடங்களைவிடச் சூடாகத் தெரிந்தன. விலாப்புறத்தில் தசையும் கொழுப்பும் குறைவு, தொடை இடுக்கிலும் கழுத்திலும் பெரிய ரத்தக் குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. ஆக மூட வேண்டிய கதவுகள் எவை என்று தெரிந்துவிட்டது. மேற்கைகளை விலாவோடு ஒட்டி, முன்கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டினால் விலாப்புறம் மூடும். கணுக்கால்களைக் குறுக்காகப் போட்டு, தொடைகளைச் சேர்த்து மேலே இழுத்தால் இடுக்கு மூடும். தோள்களைக் கொஞ்சம் தூக்கி, ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டையை இறுக்கினால் கழுத்துக்கும் ஏதோ ஒரு காப்பு. தலை எப்போதும் நீருக்கு மேலே. இந்த நிலைக்கு, ‘சூடு வெளியேறுவதைக் குறைக்கும் நிலை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘ஹெல்ப்’ (HELP) என்று பெயர் வைத்தார்கள், உலகம் முழுக்க அந்தப் பெயரிலேயே சொல்லித் தருகிறார்கள்.

பலர் சேர்ந்து விழுந்திருந்தால் ஒருவரையொருவர் தோளோடு தோள் கட்டிப்பிடித்து, மார்பும் விலாவும் ஒட்டும்படி நெருங்கி மிதப்பது இதற்கு இணையான பலனைத் தருகிறது, ஆய்வில் அதற்கும் 4 மணி நேரம்தான் கணக்கு. குழந்தைகள் இருந்தால் அவர்களை நடுவில் வைக்க வேண்டும். குழந்தையின் எடைக்கு அதன் தோலின் பரப்பு மிக அதிகம் என்பதால் பெரியவர்களைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும், சரியாகச் சுருண்டுகொள்ளவும் அதற்குத் தெரியாது. சேர்ந்து மிதப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: அலைகளுக்கு நடுவே ஒற்றைத் தலையைவிட நான்கைந்து பேர் சேர்ந்த கூட்டம் தேடுபவர் கண்ணுக்குச் சுலபமாகத் தெரியும்.

தலையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ரொம்ப காலமாகச் சுற்றுகிறது, உடம்புச் சூட்டில் பாதி தலைவழியாகப் போய்விடுகிறது என்று. அப்படி இல்லை, தலையின் பரப்பு எவ்வளவோ ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் சூடும் போகிறது. ஆனால் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் கார்டன் கீஸ்பிரெக்ட்டும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு விஷயத்தை இன்னும் சுவாரசியமாக்கியது: தலை முழுதும் நீருக்குள் இருந்தபோது வெளியேறிய மொத்தச் சூடு கொஞ்சமே கூடியது, ஆனால் உள்வெப்பம் இறங்கிய வேகம் ஏறக்குறைய 40% கூடியது. மற்ற இடங்களைப் போலத் தலைத்தோலின் ரத்தக் குழாய்கள் குளிரில் நன்றாகச் சுருங்குவதில்லை, அங்கே குளிர்ந்த ரத்தம் நேராக உடம்பின் நடுப்பகுதிக்குத் திரும்பிவிடுகிறது. லனூவின் முறை குளிர்ந்த நீரில் ஏன் அவ்வளவு மோசமாக முடிந்தது என்பதற்கு இதுவே போதுமான பதில் என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, விழுந்த உடனே சுருண்டுகொண்டுவிட வேண்டும் என்று யாராவது முடிவு செய்தால் அதுவும் ஆபத்துதான். பலர் இந்த நிலையை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நேரத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. குளிர்ந்த நீரில் இறப்பவர்களில் நிறையப் பேர் உடம்பு குளிர்ந்துபோகும் வரைகூடப் பிழைத்திருப்பதில்லை. மார்கழி விடியலில் முதல் சொம்புத் தண்ணீர் முதுகில் பட்டதும் ‘ஹா’ என்று நம்மை அறியாமல் மூச்சை இழுப்போமே, அதையே பல மடங்கு பெரிதாக, தலை நீருக்குள் இருக்கும்போது நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மூச்சில் நுரையீரலுக்குள் நீர் போய்விடலாம். அதன் பிறகு ஓரிரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது, இதயம் தாறுமாறாக அடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும். குளிர் அதிர்ச்சி என்று சொல்லப்படும் இதைப் பிரிட்டனில் ஃபிராங்க் கோல்டனும் மைக்கேல் டிப்டனும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, உடம்பு குளிர்வதற்கு வெகு முன்பே கொல்வது இதுதான் என்று எடுத்துக்காட்டினார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்கு மிக அருகிலேயே மூழ்கிவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அந்த முதல் நிமிடத்துக்குத் தேவையான நிலை சுருள்வதற்கு நேர் எதிரானது. பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. பல ஆண்டுகளாகப் பிரசாரம் செய்வது இதைத்தான்: மல்லாந்து படு, காது நீரில் நனையும் அளவுக்குத் தலையைப் பின்னால் சாய், கையையும் காலையும் விரி, மூச்சு சீராகும் வரை எதுவும் செய்யாதே. தலையை நீரில் வைக்கக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தெரியும். ஆனால் முதல் நிமிடத்தில் எதிரி சூட்டிழப்பு இல்லை, மூச்சு. லைஃப் ஜாக்கெட் இல்லாதவருக்கு இந்த நிலை இன்னும் முக்கியம், ஏனென்றால் ஜாக்கெட் இல்லாமல் சுருண்டுகொண்டால் முகம் நீருக்குள் போய்விடும். சுருள்வது மிதவை உள்ளவர்களுக்கு மட்டுமே உரிய வழி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கீஸ்பிரெக்ட் இதைச் சுலபமாக நினைவில் வைக்க 1-10-1 என்று சொல்லித் தருகிறார்: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் உருப்படியாக வேலை செய்ய 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப 1 மணி நேரம். ஐஸ் போன்ற நீருக்கான கணக்கு அது. நடுவில் இருக்கும் அந்த 10 நிமிடத்தைத்தான் பொன் போலக் காக்க வேண்டும். விரல்கள் வேலை செய்யும்போதே ஜாக்கெட்டின் தொடைப் பட்டையை இறுக்க வேண்டும், விசிலையும் விளக்கையும் கைக்கு எட்ட வைக்க வேண்டும், கவிழ்ந்த படகோ மிதக்கும் பலகையோ இருந்தால் அதன் மேல் ஏறிவிட வேண்டும். காற்று அடிக்கிறது, மேலே ஏறினால் இன்னும் குளிருகிறது என்று தோன்றும். அந்த உணர்வை நம்பக் கூடாது, உடம்பில் எவ்வளவு பகுதி நீருக்கு வெளியே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பாதி உடம்பை வெளியே இழுத்துக்கொள்ள முடிந்தாலே எந்தச் சுருளலையும்விட அது மேல்.

கரைக்கு நீந்தலாமா என்ற முடிவையும் இந்த நேரத்திலேயே எடுத்துவிட வேண்டும். நீந்தவே கூடாது என்று ஒரு காலத்தில் கறாராகச் சொன்னார்கள். பிறகு கனடாவில் நடந்த ஆய்வுகள் அதைத் தளர்த்தின: லைஃப் ஜாக்கெட் போட்டவர்கள் 10 முதல் 14 டிகிரி நீரில் சுமார் 800 முதல் 1500 மீட்டர் வரை நீந்த முடிகிறது. அவர்களை நிறுத்தியது உள்வெப்பம் இறங்கியதல்ல, கைகள் குளிர்ந்து தசை செயலிழந்ததுதான். அதனால் கரை பக்கத்தில் இருந்து, மீட்க யாரும் வர வாய்ப்பில்லை என்றால் நீந்துவது நியாயமான முடிவு. அரை மணி நேரம் சுருண்டிருந்துவிட்டு, யாரும் வரவில்லை என்று பிறகு நீந்தக் கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம், அதற்குள் கைகள் போயிருக்கும். நீர்மட்டத்தில் கண் இருக்கும்போது கரையின் தூரத்தைச் சரியாகக் கணிப்பதும் கடினம்.

ஆளுக்கு ஆள் இதெல்லாம் மாறும். 1984 மார்ச்சில் ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளுக்கு அருகில் ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து, அதிலிருந்த ஐந்து பேரில் குட்லாகுர் ஃப்ரித்தோர்சன் மட்டும் 5 முதல் 6 டிகிரி நீரில் 5 மணி நேரத்துக்கும் மேல் நீந்திக் கரையேறினார். மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் இது அடங்காது. பிறகு லண்டனில் அவரைச் சோதித்த வில்லியம் கீட்டிங் குழுவினர், அவருடைய தோலடிக் கொழுப்பு சராசரி ஆளைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமனாக இருந்ததைக் கண்டார்கள். அவர் நீந்தியதால் பிழைத்தார் என்பதைப் பார்த்து ஒல்லியான ஒருவர் நீந்தினால் முடிவு வேறாக இருக்கும்.

குளிர்ந்த நீர் என்றால் ஐஸ் மிதக்கும் கடல் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 1963 டிசம்பரில் மடெய்ரா தீவுக்கு வடக்கே லக்கோனியா என்ற பயணிகள் கப்பல் தீப்பிடித்தபோது 128 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தபடியே குளிரில் இறந்தவர்கள். அந்த நீர் சுமார் 18 டிகிரி. ஏசி அறையில் அதே 18 டிகிரி நமக்குப் போர்வை கேட்கும் குளிர், அவ்வளவுதான். நீரில் அசையாமல் கிடக்கும் வெற்றுடம்பு சூட்டை இழக்காமலிருக்க 33 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தக் கணக்கில் 28 டிகிரியை ஒட்டிய நம் வங்கக் கடல்கூட மெல்ல மெல்லச் சூட்டை எடுக்கும். மணிக்கணக்கில் பிரச்சினை இருக்காது, இரவு முழுக்க நீரில் கிடந்தால் இருக்கும்.

நம்மவர்களுக்கு இந்தச் சுருண்டுகொள்ளும் நிலை அறிமுகமாவது பெரும்பாலும் வணிகக் கப்பல் வேலைக்குப் போகும்போதுதான். எந்த நாட்டுக் கப்பலில் ஏறினாலும் அதற்கு முன் முடிக்க வேண்டிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில், நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு குதித்து, தனியாகச் சுருண்டும் கூட்டமாகக் கட்டிப்பிடித்தும் மிதந்து காட்ட வேண்டும். சென்னை வெயிலில் சூடான குளத்தில் அதைச் செய்யும் பையனுக்கு அது ஒரு சடங்காகவே தெரியும், டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான். ஆறு மாதம் கழித்து வட கடலில் டெக்கில் நிற்கப்போகிறவன் அவன்தான் என்பதால், ஏன் கையை விலாவோடு ஒட்டச் சொல்கிறோம் என்பதையாவது பயிற்சி தருபவர்கள் விளக்கிச் சொல்ல வேண்டும். குளத்தில் தெரியாத இன்னொன்றும் உண்டு: அலை அடிக்கும் கடலில் சுருண்டவர் நிலை தவறி உருளுவார். காற்று நிரப்பும் வகை ஜாக்கெட்டுகளில் மார்புப் பக்கம் புடைத்துக்கொள்வதால் கையைக் குறுக்கே கட்டுவதே கஷ்டம். அப்போது தொடைகளைச் சேர்த்து, கையை விலாவோடு ஒட்டி, அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முடிந்த அளவு அசையாமல் இருந்தாலே பெரும் பலன் கிடைத்துவிடும்.

உடம்பின் நிலை கடைசியாக முக்கியமாவது ஆளைத் தூக்கும்போது. நீரில் நெடுநேரம் நின்ற வாக்கில் மிதந்தவரின் கால்களை நீரின் அழுத்தம் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த அழுத்தம் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளி இதயத்துக்கு உதவிக்கொண்டிருக்கிறது. அவரை அக்குளில் கயிறு மாட்டி நேராக மேலே தூக்கியதும் அந்தப் பிடி சட்டென்று விடுபட்டு ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். குளிர்ந்துபோன இதயம் அதைச் சமாளிக்க முடியாமல் சிலர் தூக்கும்போதே, சிலர் மேலே வந்த சில நிமிடங்களில் இறந்திருக்கிறார்கள். அதனால் ஹெலிகாப்டர் மீட்பில் அக்குளுக்கு ஒரு பட்டை, முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை என்று இரண்டு மாட்டிப் படுத்த வாக்கில் தூக்குகிறார்கள். சின்னப் படகில் இருப்பவர்கள் வலையையோ பாய்த் துணியையோ நீருக்குள் இறக்கி ஆளை அதில் உருட்டி ஏற்றலாம். முகம் நீருக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்றால் இதையெல்லாம் பார்க்காமல் எப்படியாவது இழுத்துப் போட வேண்டியதுதான், ஏற்றிய பிறகு நடக்க விடாமல், உட்காரவும் விடாமல், கைகாலைத் தேய்க்காமல் படுக்கவைத்து, ஈரத் துணியை வெட்டி எடுத்துவிட்டுப் போர்த்த வேண்டும். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நடந்தே வருகிறேன் என்று அவரே சொன்னாலும்கூட.